குறைத்துக் குடிப்பதா, அடியோடு விடுவதா?



லயத்துப் பக்கம் நாங்கள் வரும்போதெல்லாம் அம்மாமார் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்வார்கள். “ஐயா, அவர முழுசா நிறுத்தச் சொல்ல வேணாம். அது நடக்காத காரியம். கொஞ்சமா குடிக்கச் சொல்லுங்க, அது போதும் எங்களுக்கு.”

குடிக்கிற அண்ணன்மாரும் இதையேதான் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். “நான் விடமாட்டேன்னு சொல்லல ஐயா. அளவா எடுத்துக்கிறேன்.”

கேட்க நியாயமான பேச்சுத்தான். அளவோடு குடிப்பது நடக்கிற காரியமா? யாருக்கு நடக்கும், யாருக்கு நடக்காது? இந்தப் பாடத்தில் அதைச் சேர்ந்து யோசிப்போம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று உரக்க வாசிக்க, வீட்டில் எல்லோரும் இருந்து கேட்டால் நல்லது.

ஒரு வீட்டில் நடந்தது

ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே கவ்வாத்து வெட்டுவதில் நல்ல பெயர் எடுத்த ஒருவர். நாற்பது வயது இருக்கும். சம்பள நாளில் மட்டும் என்று தொடங்கிய குடி, பத்து வருசத்தில் தினமும் கால் போத்தல், அரைப் போத்தல் என்று வளர்ந்துவிட்டது. காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை நடுங்கினால் என்ன ஆகும்? கங்காணி அவரைக் கவ்வாத்திலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போட்டார். அந்த மனுஷனுக்கு அதுதான் பெரிய அவமானம்.

மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த கையோடு வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சனிக்கிழமை மட்டும், கால் போத்தல் மட்டும். மனைவி அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரில் புள்ளி போட்டு வந்தார். குடித்த நாளுக்குக் கறுப்புப் புள்ளி, குடிக்காத நாளுக்குச் சிவப்புப் புள்ளி.

முதல் இரண்டு வாரம் சொன்னபடி நடந்தது. வீட்டில் ஒரே சந்தோசம். மூன்றாவது வாரம் புதன்கிழமை பக்கத்து லயத்தில் ஒரு சாவு. “சாவு வீட்டுக் கணக்கு வேற, சனிக்கிழமைக் கணக்கு வேற” என்றார். அடுத்தது சம்பள நாள். அதற்குப் பிறகு மழைக் குளிர். பிறகு போயாவுக்குக் கடை பூட்டுவார்கள் என்று முதல் நாளே வாங்கி வைத்தது. தீபாவளி வருவதற்குள் காலண்டர் முழுக்கக் கறுப்புப் புள்ளி.

அந்த மனுஷன் பொய் சொல்லி ஒப்பந்தம் போடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கால் போத்தலோடு நிறுத்த மெய்யாகவே நினைத்தார். பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னார்: “ரெண்டாவது கிளாஸ் வேணுமா வேணாமானு முடிவு பண்றது நான் இல்லீங்க ஐயா. மொதக் கிளாஸ்தான் முடிவு பண்ணுது.”

இந்தப் பாடத்தின் சாரம் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. அது ஏன் அப்படி என்று பார்ப்போம்.

“கொஞ்சம்” என்றால் எவ்வளவு?

முதலில் கணக்கு. தூய மதுசாரம் 10 கிராம் இருந்தால் அதை ஓர் அளவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது.

கால் போத்தல் சாராயம் 180 மில்லி லீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 60 மில்லி லீட்டர், தூய மதுசாரம். நிறுத்துப் பார்த்தால் 47 கிராம் வரும். ஆக, “கால் போத்தல்தானே” என்று சொல்வது கிட்டத்தட்ட ஐந்து அளவு. அரைப் போத்தல் என்றால் பத்து.

“நான் சாராயம் தொடுறதில்ல, பியர்தான்” என்பவர்கள் டின்னைத் திருப்பிப் பாருங்கள். 8.8 சதவீதம் என்று அச்சடித்த 500 மில்லி லீட்டர் டின் ஒன்றில் 35 கிராம் மதுசாரம் இருக்கிறது. அது மூன்றரை அளவு. இரண்டு டின் குடித்தால் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிடும்.

கசிப்புக்கு இந்தக் கணக்கே கிடையாது. எவ்வளவு காரம், உள்ளே என்ன கலந்தது என்று காய்ச்சினவருக்கே தெரியாது. அளவு தெரியாததை அளவோடு குடிப்பது எப்படி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுசாரத்தில் ஒன்றுமே இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குறைத்தால் கெடுதல் குறையும், அது உண்மை. ஆனால் கொஞ்சம் குடிப்பது உடம்புக்கு நல்லது என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். குளிருக்கு நல்லது என்பதும் அப்படித்தான். சாராயம் உள்ளே போனதும் தோலுக்கு இரத்தம் கூடுதலாக ஓடுவதால் சூடு ஏறினது போல இருக்கும். உண்மையில் உடம்பின் சூடு அந்த வழியாக வெளியே போகிறது. நுவரெலியாக் குளிரில் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பது அதனால்தான் உயிருக்கு ஆபத்து.

குடிக்கிறவரும், குடி பிடித்துக்கொண்டவரும்

குடிக்கிற எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் எடுத்துவிட்டு அடுத்த கல்யாணம் வரை நினைக்காத ஆளும் உண்டு. அவருக்குச் சொல்வதும், காலையில் எழுந்ததும் போத்தலைத் தேடுகிறவருக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது.

குடிக்கு அடிமையாவதை ஒரு நோயாகவே டொக்டர்மார் பார்க்கிறார்கள். அதற்கு ஆறு அடையாளம் வைத்திருக்கிறார்கள். உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

1. குடிக்க வேண்டும் என்ற ஆசை அடக்க முடியாமல் வருகிறதா?
2. தொடங்கினால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாமல் போகிறதா?
3. குடிக்காத நேரம் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை வருகிறதா? அதை நிறுத்தவே மறுபடி குடிக்க வேண்டி இருக்கிறதா?
4. முன்பு கால் போத்தலில் வந்த வெறிக்கு இப்போது அரைப் போத்தல் தேவைப்படுகிறதா?
5. வேலை, பிள்ளைகள், கோயில், பந்து விளையாட்டு எல்லாம் பின்னுக்குப் போய்க் குடி முன்னுக்கு வந்துவிட்டதா?
6. உடம்பு கெடுகிறது, குடும்பம் கெடுகிறது என்று தெரிந்தும் குடிக்கிறீர்களா?

ஒரு வருசத்துக்குள் இவற்றில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால், குடி உங்களைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இது கெட்ட குணமும் இல்லை, செய்வினையும் இல்லை. நாள்பட்ட குடியால் மூளை பழகிப்போன பழக்கம். மூளையில் எச்சரிக்கை செய்கிற, “போதும்” என்று சொல்கிற பகுதியைத்தான் மதுசாரம் முதலில் மயக்குகிறது. போதும் என்று சொல்ல வேண்டிய காவல்காரனையே முதல் கிளாஸ் தூங்க வைத்துவிடுகிறது. பிறகு யார் வந்து நிறுத்துவது? கவ்வாத்துக்கார அண்ணன் சொன்னது இதைத்தான்.

வெளிநாட்டிலும் இதே கேள்வி

இது நம் லயத்துக் கேள்வி மட்டும் இல்லை. 1935இல் அமெரிக்காவில் பில் வில்சன், டொக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு பேர் சேர்ந்து ‘அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டு பேருமே குடியால் அழிந்து எழுந்தவர்கள். “இன்றைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன்” என்று ஒவ்வொரு நாளாகக் கடப்பது அவர்கள் வழி. அந்தக் கூட்டங்கள் இலங்கையிலும் நடக்கின்றன.

1962இல் லண்டனில் மோட்ஸ்லி ஆஸ்பத்திரி டொக்டர் டேவிஸ் ஒரு கட்டுரை எழுதினார். குடிக்கு வைத்தியம் பெற்ற 93 பேரில் 7 பேர் பிற்பாடு சாதாரணமாக, அளவோடு குடிக்கிறார்கள் என்றார். பெரிய விவாதம் எழுந்தது. அடியோடு விடத் தேவையில்லை என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள். 1985இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு டொக்டர் அந்த ஏழு பேரின் கதையைத் தேடிப் பார்த்தார். ஐந்து பேருக்கு இடையில் பெரிய குடிப் பிரச்சினை இருந்தது தெரிய வந்தது. பிரச்சினை இல்லாமல் குடித்தவர்கள் இரண்டே பேர்.

இரண்டு பேர் இருந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், இருந்தார்கள். நம் ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவர் நாம் என்றுதான் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

அமெரிக்காவில் ஓட்ரி கிஷ்லைன் என்ற பெண் 1994இல் அளவோடு குடிக்கக் கற்றுக்கொடுக்கிற ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 2000 ஜனவரியில், இது எனக்குச் சரிவரவில்லை, இனி அடியோடு விடப் போகிறேன் என்று அவரே அறிவித்தார். ஆனால் அதே வருசம் மார்ச் மாதம் குடித்துவிட்டு வாகனம் ஓட்டி ஒரு தகப்பனையும் அவருடைய 12 வயது மகளையும் கொன்றுவிட்டார். சிறைக்கும் போனார். இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. முற்றிய நிலையில் அளவு கைகொடுக்காது. அடியோடு விடுகிறேன் என்று வாயால் சொல்வதும் மட்டும் போதாது. விடுவதற்குத் துணை வேண்டும்.

மஞ்சக்குடி காட்டிய வழி

அந்தத் துணை எப்படி இருக்க வேண்டும்? நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

சென்னையில் பேரெடுத்த வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் டி. டி. ரங்கநாதன். குடியால் சிறு வயதிலேயே இறந்துபோனார். காசு பணத்துக்குக் குறைவில்லாத வீடு, இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் வீட்டுக்குள் முடங்கிவிடாமல், 1980இல் கணவர் பெயரிலேயே குடிநோய் வைத்திய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இந்திய அரசு 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

பட்டணத்துக்கு வர முடியாத ஏழைகளுக்காக, 1989இல் தஞ்சாவூர்ப் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்தில் 15 நாள் முகாம் ஒன்றையும் அந்த நிலையம் தொடங்கியது. ஊர்க்காரர்கள் கூடி உதவி செய்தார்கள். குடிக்கிறவர் தங்கி வைத்தியம் பெறுவார். வீட்டுக்காரர்களுக்கும் தனியாக ஆலோசனை உண்டு. அங்கே குறிக்கோள் குறைப்பது இல்லை, முற்றாக விடுவதுதான். ஆனால் யாரையும் தனியாக விடச் சொல்லவில்லை. டொக்டர், ஊர், குடும்பம், ஏற்கனவே விட்டவர்கள் என்று நாலு பக்கமும் ஆள் நின்றார்கள். ஒரு கிராமம் செய்ததை ஒரு தோட்டம் செய்ய முடியாதா?

அப்படியானால் யார் குறைக்கலாம்?

மேலே சொன்ன ஆறு அடையாளத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கிறவர், குடிக்கத் தொடங்கி அதிக காலம் ஆகாத தம்பிமார், குடிக்காத நாளில் நடுக்கம் வராதவர். இவர்கள் குறைத்துப் பார்க்கலாம். பலரால் அது முடிகிறது. ஆனால் அதைப் பரீட்சை மாதிரி வைத்துச் செய்யுங்கள். எத்தனை நாள், எத்தனை கிளாஸ் என்று முன்கூட்டியே கடதாசியில் எழுதுங்கள். அதை மனைவியோ, அண்ணனோ, நம்பிக்கையான ஒருவரோ வைத்திருக்கட்டும். நான்கு வாரம் பாருங்கள். எழுதினதைத் தாண்டவில்லை என்றால் நல்லது, இன்னும் குறையுங்கள். தாண்டினால் “சாவு வீடு, சம்பள நாள்” என்று கணக்கைப் பிரிக்காதீர்கள். அளவு உங்களுக்குச் சரிவராது என்று அந்தக் கடதாசியே சொல்லிவிட்டது.

கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பரீட்சையே வேண்டாம். அடியோடு விடுவதுதான் வழி.

• காலையில் நடுக்கம் வருகிறவர், எப்போதாவது வலிப்பு வந்தவர்
• ஈரல் கெட்டவர், மஞ்சள்காமாலை வந்தவர், வயிறு வீங்கினவர்
• பல தடவை குறைத்துப் பார்த்துத் தோற்றவர்
• குடித்தால் வீட்டில் கை நீட்டுகிறவர்
• வயிற்றில் பிள்ளை உள்ள அம்மாமார்

அடியோடு விட இன்னும் மனசு வரவில்லை என்பவரை நாங்கள் விரட்டமாட்டோம். அரைப் போத்தல் காலாக ஆனாலும் அது ஒரு படி. ஆனால் படியில் குடியிருக்க முடியாது, ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

விடும்போது கவனம்

இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் வைத்திய உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சில மணித்தியாலத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்கள், பூச்சி, பாம்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதைப் பேய் பிடித்தது என்று நினைத்துப் பூசாரியிடம் கொண்டுபோய் நேரத்தை வீணாக்காதீர்கள். உயிர் போகக்கூடிய நிலை அது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

ஆகவே நிறுத்துவதற்கு முந்தியே தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடம் போய், தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு. விட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சில நாளில் உடம்பு தெளிந்துவிடும்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. ‘டைசல்ஃபிரம்’ என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். 1948இல் டென்மார்க்கில் கண்டுபிடித்த விஷயம் இது. சில வீடுகளில் இந்த மாத்திரையைத் தெரியாமல் கறியில் கலந்து கொடுக்கிறார்கள். செய்யாதீர்கள். அது தெரியாமல் அவர் நிறையக் குடித்தால் உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டொக்டர் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

தவறி விழுந்தால்

விட்டவர் ஒரு நாள் மறுபடி குடித்துவிடலாம். அநேகம் பேருக்கு நடக்கிறது. அப்போது இரண்டு பேச்சு வரும். “பார்த்தீங்களா, இவன் திருந்தமாட்டான்” என்பது ஒன்று. “ஒரு நாள் குடிச்சும் ஒண்ணும் ஆகலையே, இனி அளவா குடிக்கலாம்” என்பது மற்றது. இரண்டும் பொய். மலையில் ஏறும்போது வழுக்கி விழுந்தால் எழும்பி விழுந்த இடத்திலிருந்துதான் நடப்போம், அடிவாரத்துக்கு இறங்கிப் போகமாட்டோம். அடுத்த நாளே ஆலோசகரிடம் போங்கள். எந்த இடத்தில், யாரோடு, என்ன நேரத்தில் குடித்தீர்கள் என்று யோசித்து, அந்த இடத்துக்கு அடைப்புப் போடுங்கள். சம்பள நாளில் டவுனுக்குத் தனியாகப் போகாதீர்கள், மனைவியோடு போங்கள். கூட்டாளிமார் ஊற்றிக் கொடுத்தால், “டொக்டர் வேணாம்னுட்டார்” என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள். விட்டவரை “ஒரு கிளாஸ்தானே மச்சான்” என்று கூப்பிடுவது நட்பு ஆகாது.

வீட்டுக்காரர்கள் பழைய கதையைத் தினமும் எடுத்துக் குத்த வேண்டாம். போத்தல் வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். அதே நேரம், குடித்துவிட்டு அடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அந்தக் கவ்வாத்துக்கார அண்ணன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தீபாவளி கழிந்து ஆஸ்பத்திரியில் தங்கினார். வந்த பிறகு இரண்டு தடவை வழுக்கினார், இரண்டு தடவையும் எழும்பினார். இப்போது ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. கத்தி மறுபடி அவர் கையில் இருக்கிறது. மனைவியிடம் காலண்டர் எங்கே என்று கேட்டோம். “புள்ளி போடுறத விட்டுட்டேன் ஐயா. இப்ப அவரு டவுனுக்குப் போயி வர்ற வரைக்கும் முழிச்சிருக்கிறதில்ல. தூங்கிடுவேன்” என்றார்.

கொஞ்சம் குறைந்தால் போதும் என்று கேட்டவர்தான் அவரும். அளவு கைகொடுக்கிற நிலையில் இருப்பவர் இன்றைக்கே குறையுங்கள். அந்த நிலையைத் தாண்டினவருக்கு, கொஞ்சமாகக் குடிப்பதைவிடக் குடிக்காமல் இருப்பதே சுலபம். அதற்குத் துணையும் இருக்கிறது.

கூடிப் பேச

1. நம் தோட்டத்தில் எந்தெந்த நாளில் குடி கூடுகிறது? அந்த நாளில் வேறு என்ன செய்யலாம்?
2. குடியை விட்ட ஒருவருக்கு நம் லயம் எப்படித் துணை நிற்கிறது? எப்படி இடைஞ்சல் செய்கிறது?
3. போன மாதம் உங்கள் வீட்டில் குடிக்குப் போன காசு எவ்வளவு? எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

உதவிக்கு: தேசிய மனநல நிறுவனம் 1926. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927. முதலில் உங்கள் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ பேசினாலும் போதும். நீங்கள் சொல்வது வெளியே போகாது.